கல் சரி

என் மேசைமேல் ஒரு வெங்கச்சங்கல் இருக்கிறது. உரித்த தேங்காய் அளவு. ஒரு பக்கம் பால்போல வெளுத்தும் மறுபக்கம் கண்ணாடிபோலத் தெளிந்தும் இருக்கும். ஒரு மூலையில் உடைந்த சில்லைப் பசை வைத்து ஒட்டிய தடம் மஞ்சளாகப் பழுத்துக் கிடக்கிறது. குழிவான இடங்களில் எத்தனை தேய்த்தும் போகாத குங்குமம். அறைக்கு வருகிறவர்கள் காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல் என்று நினைப்பார்கள். குங்குமத்தைப் பார்த்துவிட்டு, 'சாருக்குக் கோயில் குளமெல்லாம் உண்டா?' என்று கேட்டவர்களும் உண்டு. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அதைச் சொல்லிப் புரியவைக்கப் பொறுமையில்லாமல் சிரித்துவைப்பேன். போன மாதம் என்னிடம் ஆராய்ச்சி செய்கிற பையன் ஒருவன் அதன் தட்டையான பக்கத்தில் சூடான டீ கிளாஸை வைத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அது என் அக்காவின் கல். அக்கா கிராம சுகாதார நர்ஸ். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு எங்கள் இருவருக்கும் வேறு ஆளில்லை. தொண்ணூற்றேழில் அவளை ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் மாற்றலை ரத்துசெய்ய அலைவார்கள். இவள் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு செம்மேட்டில் போய் இறங்கிவிட்டாள். நான் அப்போது மேற்குக் கடற்கரை நகரம் ஒன்றில், அணு உலை ஒன்றை ஒட்டிய ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் சேலம் வந்து, பஸ் பிடித்து, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவேன். செம்மேட்டுப் பஸ் நிலையத்தில் அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தோடு நிற்பாள். 'மோந்துக்க சாமி, அப்பறம் பேசலாம்' என்பதுதான் ஒவ்வொரு முறையும் அவள் சொல்லும் முதல் வார்த்தை.

அவள் வேலையில் முக்கியமானது குழந்தைகளை எடை போடுவது. மலையின் பிரிவுகளான குண்டூர் நாட்டிலும் பெரக்கரை நாட்டிலும் ஊர் ஊராக நடந்து, பலாமரக் கிளையிலோ வீட்டு உத்தரத்திலோ வட்டமுகத் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் துணித் தூளியை மாட்டி, அதற்குள் குழந்தையை உட்காரவைப்பாள். முள் எங்கே நிற்கிறதோ அதை அட்டையில் புள்ளியாக வைப்பாள். மாதம் ஒரு புள்ளி. புள்ளிகள் மேலே ஏறினால் சரி. ஒரே மட்டத்தில் நின்றாலோ இறங்கினாலோ அந்த வீட்டில் அன்றைக்கு அக்காவுக்கு அரைநாள் போய்விடும். இருநூறு கிராம் அவளுக்குப் பெரிய சங்கதி. ஒருமுறை குண்டூர் நாட்டில் ஒரு தாய், 'ஏனுங்க நர்ஸம்மா, எங்கூட்டுப் புள்ள நல்லாத் திங்கிதுங்க. உங்க தராசுதான் பொய் சொல்லுது' என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா சண்டைக்காரி. ஆனால் அன்றைக்குச் சண்டை போடவில்லை. அந்தத் தாய் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று யோசித்திருக்கிறாள். பஸ்ஸிலும் தோளிலும் இடிபட்டு வருகிற தராசு. அதன் சுருள்வில் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது?

கடை எடைக்கல்லைக் கொண்டுபோனால் மலைக்காரர்கள் நம்பமாட்டார்கள். அதன் அடியில் ஓட்டை போட்டு ஈயத்தை எடுக்கிற வித்தையெல்லாம் சந்தையில் அவர்கள் பார்த்தவர்கள். அதனால் அக்கா அவர்கள் ஊர் ஓடையிலேயே, அவர்கள் கண்ணெதிரேயே ஒரு வெங்கச்சங்கல்லைப் பொறுக்கினாள். செம்மேட்டு வாரச்சந்தையில் நாலு பேர் பார்க்க நல்ல தராசில் வைத்து, சரியாக இரண்டு கிலோ வரும்வரை சுத்தியலால் தட்டித் தட்டிக் குறைத்தாள். கடைசித் தட்டில் கொஞ்சம் அதிகமாகப் பெயர்ந்துவிட்டது. பெயர்ந்ததில் சரியான எடைக்கு வேண்டிய ஒரு சில்லை மட்டும் தேடியெடுத்துப் பசை வைத்து ஒட்டினாள். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வெறும் தூளியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவாள். அடுத்துக் கல். முள் இரண்டில் நிற்பதைத் தாய்மார்கள் எட்டிப் பார்ப்பார்கள். 'கல் சரி' என்று சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவாள். அதற்கப்புறம்தான் குழந்தைகள். எல்லாரும் முடிந்தபிறகு திரும்பவும் கல். நடுவில் தராசு நகர்ந்திருந்தால் அன்றைக்குப் போட்ட எடை எதுவும் செல்லாது. மொத்தமும் மறுபடி.

கல்லைச் சுமந்து கூட வருவது சுகாதார நிலையத்து ஆயாம்மா, பெரக்கரை நாட்டுப் பெண். பிள்ளைக்கு முன்னால் தூளியில் உட்காருகிற கல் சாதாரணக் கல்லாக இருக்காது என்று சில தாய்மார்கள் முடிவு கட்டி, மஞ்சளும் குங்குமமும் வைக்க ஆரம்பித்தார்கள். அக்கா தடுக்கவில்லை. 'நான் என்ன பண்ணட்டும், கும்புட்டாங்கன்னா நம்புறாங்கன்னு அர்த்தம். ஞாயித்துக்கெழமை கழுவிக்கிறேன்' என்பாள். மஞ்சளின் எடை சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

என் வேலையை அவளுக்குச் சொல்ல முயன்ற முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. படிகத்துக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அதிர்ந்தபடியே இருக்கும் என்றேன். அந்த அதிர்வின் ஒரு பொட்டலத்துக்கு ஃபோனான் என்று பெயர் என்றேன். அக்கா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, 'போனானா? எவன் போனான், எங்க போனான்?' என்றாள். அதற்கப்புறம் நான் எப்போது தொலைபேசியில் கூப்பிட்டாலும், 'போனான் வந்தானா?' என்றுதான் விசாரிப்பாள். கடுப்பாக இருக்கும். ஆனால் விஷயத்தை அவள் என் மாணவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். உலையிலிருந்து வரும் நியூட்ரான்களில் ஒரே வேகமுள்ளவற்றை மட்டும் பொறுக்கிப் படிகத்தின்மேல் விடுவோம். உள்ளே போகிற நியூட்ரான் ஒரு ஃபோனானை உண்டாக்கிவிட்டு, அந்த அளவுக்கு ஆற்றலை இழந்து வெளியே வரும். எவ்வளவு இழந்தது என்று அளந்தால் அதுதான் ஃபோனானின் ஆற்றல். வரைபடத்தில் அது ஒரு மேடாகத் தெரியும். படிகத்தைக் குளிரவைத்தால் அந்த மேடு மிக இலேசாக நகரும் என்பது என் எண்ணம். நூற்றில் ஒரு பங்குகூட இராத நகர்வு. மேட்டின் அகலமோ அதைப்போலப் பல மடங்கு. அந்தச் சின்ன நகர்வைப் பிடிப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை.

தொண்ணூற்றெட்டில் அதைப் பிடித்துவிட்டதாகக் குதித்தேன். சூடான நிலையில் ஒருமுறை அளந்தேன். நாலு நாள் குளிரவைத்து மறுபடி அளந்தேன். மேடு நகர்ந்திருந்தது. கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு, செம்மேட்டு டெலிபோன் கடைக்குப் போன் போட்டு அக்காவை வரவழைத்துச் சொன்னேன். அவள் சுகாதார நிலையம் முழுக்க முறுக்கு கொடுத்தாளாம். அப்புறம் எங்கள் குழுத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'திரும்பச் சூடாக்கிப் பார்த்தாயா?' பார்க்கவில்லை. பார்த்தேன். சூடான நிலையின் மேடும் நகர்ந்தே நின்றது. படிகத்தில் எதுவும் மாறவில்லை. கருவியில் ஒரு திருகு இளகி, நாலு நாளாகக் கோணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதினேன். கூட வேலை செய்தவர்கள் அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்து வைத்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

மலைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 'அட கூறுகெட்டவனே, கல்ல மறந்துட்டியே' என்று ஆயாம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். பிறகு என் தலையை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அதற்குப்பின் எந்த அளவீட்டிலும் நான் முதல் புள்ளிக்குத் திரும்பாமல் இருந்ததில்லை. என் பதிவேட்டில், திரும்பி அளந்த ஒவ்வொரு புள்ளிக்கு எதிரிலும் தமிழில் 'கல் சரி' என்று எழுதுவேன். கூட இருந்த வடநாட்டுக்காரர்கள் அது ஏதோ மந்திரம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த அவமானம் என்னை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. எது மாறியிருப்பதாகத் தெரிந்தாலும் முதலில் கருவியைச் சந்தேகப்படுகிறவனாக ஆனேன். உலகத்தில் எதுவும் உண்மையில் மாறுவதில்லை, பார்க்கிறவன்தான் பிசகுகிறான் என்கிற அளவுக்கு அது முற்றிப்போயிருந்தது.

இரண்டாயிரம், பொங்கல் விடுமுறை. அக்கா காபி டம்ளரை நீட்டியபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தோல்வார். அதில் ஒரு ஓட்டையின்மேல் பல வருஷமாகக் கொக்கி அழுந்திய மடிப்பு கறுத்துத் தெரியும். இப்போது கொக்கி அங்கே இல்லை. இரண்டு ஓட்டை தள்ளி, உள்ளே மாட்டியிருந்தது. அதில் ஒரு ஓட்டை ஊசியைக் காய்ச்சிப் போட்டது. நான் பார்ப்பதை அக்காவும் பார்த்தாள். டம்ளரைப் பிடித்த கை அப்படியே நின்றது. நான் ஏதாவது கேட்பேன் என்று அவள் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் சொன்னேன்: 'வாரு நீண்டுபோச்சுக்கா. பழசாயிருச்சு, வேற மாத்து.' அக்கா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, 'ஆமா சாமி, பழைய வாருதான்' என்றாள்.

அப்படித்தான் சொன்னேன். மணிக்கட்டைப் பார்க்கவில்லை. வாரைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வரை என் கதையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு உலையை நீண்ட பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்போகிறார்கள், அதற்குள் எனக்கு அளக்க இரண்டே இரண்டு முறைதான் கிடைத்திருக்கிறது, இதில் விட்டால் அவ்வளவுதான் என்று புலம்பினேன். கிளம்பும்போது பஸ் நிலையம் வரை வந்தாள். 'பஸ்ஸு போயிரும், கெளம்பு. இந்தத் தடவ கல்ல மறந்துராத' என்றாள்.

ஏப்ரலில் வந்தேன். பஸ் நிலையத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம். நடுவில் இரண்டு முறை நின்றாள். ஒருமுறை செருப்பில் கல் என்றாள். இன்னொருமுறை வேலியில் பூத்திருந்த ஏதோ ஒன்றைக் காட்டினாள். முகம் ஒடுங்கியிருப்பதாகப் பட்டது. உடனே நான் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன்: மூன்று மாதமாக நகரத்து முகங்களையே பார்த்துப் பழகிய கண், நினைவிலுள்ள முகம் எந்த வெளிச்சத்தில் பார்த்ததோ, இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடக் கூடாது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் கேட்கலாம். இவ்வளவு படித்தவனின் மூளை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 'உடம்புக்கு என்னக்கா?' என்று படிக்காத எவனும் கேட்டிருப்பான்.

ஜூலையில் அளவீடு முடிந்தது. சூடு, குளிர், திரும்பச் சூடு. திரும்பக் குளிர், திரும்பச் சூடு. ஒவ்வொரு முறையும் சூடான மேடு பழைய இடத்துக்கே வந்து நின்றது. குளிர்ந்த மேடு மயிரிழை தள்ளி, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். நகர்வு உண்மை. செம்மேட்டுக்குப் போன் போட்டேன். ஆயாம்மாதான் வந்தார். 'அம்மாவச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்குதுங்க. எந்திரிக்க முடியலீங்க. தம்பிக்கு வேல முடியட்டும்னு சொல்ல வேண்டாம்னுட்டாங்க' என்றார். பின்னணியில் சந்தை இரைச்சல் கேட்டது.

வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பாதியாகக் கிடந்தாள். அழக்கூட வராமல் பேந்தப் பேந்த நின்ற என்னிடம், 'போனான் வந்தானா?' என்றாள். பையில் வரைபடம் இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் எடுத்து நீட்டினேன். இரண்டு மேடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றாள். பிறகு, 'கல்லு?' என்று கேட்டாள். 'சரிக்கா. மூணு தடவையும் சரி' என்றேன். 'அப்ப நெசந்தான்' என்று கண்ணை மூடிக்கொண்டாள். படிகத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆறு மாதம் முன்னாலேயே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைத் தனியே பிடித்துக் கேட்டேன். 'சொல்ல முடியாதுங்க' என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். செப்டம்பரில் அக்கா இறந்தாள். ராசிபுரத்தில் அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தோம். மலையிலிருந்து இரண்டு லாரி நிறையத் தாய்மார்கள் வந்திருந்தார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அக்காவின் வீட்டைக் காலி செய்யப் போனபோது ஆயாம்மா இந்தக் கல்லையும் ஒரு நோட்டையும் கொடுத்தார். 'கொளந்தைங்க நோட்டு ஆபீசுல இருக்குங்க. இது அம்மாளோடது' என்றார். சுகாதார நிலையத்தில் பெரியவர்கள் ஏறி நிற்கிற தராசு ஒன்று உண்டு. மாதாமாதம் வேறு ஆளில்லாத நேரமாகப் பார்த்து முதலில் கல்லை வைப்பாளாம். அப்புறம் அவள் ஏறி நிற்பாளாம். இறங்கித் திரும்பவும் கல். 'எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எம்முன்னாலயே எழுதுவாங்க சாமி. ஆனா மொகத்தப் படிக்க எனக்குத் தெரியாதுங்களா? நான் ஒருக்காக் கேட்டதுக்கு, தராசு சரியில்லன்னுட்டாங்க' என்று சொல்லிவிட்டு ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தராசு சரியாகத்தான் இருந்தது. முந்தைய அக்டோபரிலிருந்து மாதம் ஒரு வரி. எல்லா வரியும் 'கல் சரி' என்றே தொடங்குகிறது. அதற்கு எதிரில் ஒரு எண். ஐம்பத்தாறு. ஐம்பத்துநாலு. ஐம்பத்திரண்டு. பொங்கலுக்கு மறுநாள் தேதியிட்ட வரி மட்டும் கொஞ்சம் நீளம்: 'கல் சரி. நாற்பத்தொன்பது. தம்பி பார்த்தான். வார் என்றான். போனான்.'

அந்தக் கடைசிச் சொல்லை வேடிக்கையாக எழுதினாளா, வெறுமனே எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை படித்தாகிவிட்டது. அவள்மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. இருநூறு கிராமுக்காக ஊர் ஊராகச் சண்டை போட்டவள், தன் உடம்பில் ஏழு கிலோ போனதை மடித்து வைத்துக்கொண்டு எனக்கு எலுமிச்சம்பழம் நீட்டினாள். என் அளவீட்டுக்காகக் காத்திருந்தாளா, இல்லை நர்ஸுக்கே உரிய பயமா? பயம் என்று இருந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் என்மேல் உள்ள கோபத்துக்கு அப்படி ஒரு சந்தேகமும் இல்லை. அவள் டம்ளரோடு நின்ற அந்த ஒரு நொடியில் நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் வாரைப் பழி சொன்னேன், அவளும் சரி என்றுவிட்டாள். வீட்டைக் காலி செய்த அன்றைக்கே செம்மேட்டுக் கடையில் அதே மாதிரி வார் ஒன்று வாங்கிவந்து, பழைய வாரையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். இரண்டும் ஒரே நீளம். பழைய வார் ஒரு மில்லிமீட்டர்கூட நீண்டிருக்கவில்லை.

அந்தக் கட்டுரை பிறகு வெளிவந்தது. நல்ல பெயரும் வந்தது. அதை நான் திரும்ப எடுத்துப் படித்ததில்லை.

டீ கிளாஸ் வைத்த பையன் போன வாரம் தயங்கித் தயங்கி வந்து, ஒவ்வொரு அளவீட்டிலும் எதற்காக நேரத்தை வீணாக்கி முதல் புள்ளிக்குத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். கல்லை எடுத்துவரச் சொல்லி, மாதிரிகளைத் தயார்செய்யும் அறையிலுள்ள தராசில் வைக்கச் சொன்னேன். இரண்டு கிலோ. மஞ்சள், குங்குமம், பசை, சில்லு எல்லாம் சேர்த்து, அக்கா விட்டுப்போன அதே இரண்டு கிலோ. செப்டம்பர் வரும்போதெல்லாம் நானே இதைச் செய்வதுண்டு. இந்த முறை அவன் செய்தான். அவன் போனபிறகு இழுப்பறையிலிருந்து அக்காவின் நோட்டை எடுத்து, அவளுடைய வரிகளுக்குக் கீழே என் கையெழுத்தில் நீண்டுகொண்டே போகிற வரிசையில் இன்னொரு தேதி போட்டு, 'கல் சரி' என்று எழுதினேன். அதற்கு எதிரில் எழுத எண் எதுவும் இல்லை.